இருநூறு கிராம் விலக்கு

மார்ச் 4
தந்த வியாபாரத்தை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்த இரண்டாவது ஆயிரத்தை ஒழிக்க வேண்டுமாம். யானையை நேரில்கூடப் பார்க்காத என்னைப் பிடித்திருக்கிறார்கள்!

மார்ச் 9
மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய கைத்தடியின் பிடி தந்தம்.
"மாப்ளே, சட்டம் வந்தா இதையும் பிடுங்கிடுவீங்களா?"
"நான் இருக்கும்போது யார் மாமா பிடுங்குவா?"
வாய், வாய். அவர் கண்ணயர்ந்ததும் பிடியைத் திருகிக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன். 186 கிராம்.

மார்ச் 11
வரைவில் ஒரு வரி சேர்த்தேன்: இருநூறு கிராமுக்குக் குறைந்த வீட்டுப் பொருளுக்கு விலக்கு, பழையது என்பதற்குச் சான்று வேண்டாம். மாமனாரிடம் சான்று இல்லையே.
மேலதிகாரி அம்மா, "அதென்ன இருநூறு?" என்றார்.
"உலக நடைமுறை மேடம்."
உலகம் என்றால் மாமனார் வீடு.

ஏப்ரல் 2
விதி அமலுக்கு வந்தது. மாமனார் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவை.

ஜூன் 17
சுங்க ஆய்வாளர் என் மேசையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். நாற்பத்து மூன்று தடிப்பிடிகள். எல்லாம் புதுசு. எதுவும் 199 கிராமைத் தாண்டவில்லை.
"முழுத் தந்தத்தை அறுத்துப் பிடியாக்கி அனுப்புறாங்க சார். எவனோ புண்ணியவான் விலக்கு குடுத்திருக்கான்."
புண்ணியவான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.
எத்தனை யானை அது? கேக்கவே பயமா இருந்துச்சு. நல்ல பேர் வாங்கணும்னு... சே, நானெல்லாம் ஒரு ஆளு!

ஜூன் 18
வயிற்றுவலி என்று விடுப்பு. வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20
மேலதிகாரி அம்மாவிடம் தராசுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.
"விலக்கை நீக்குற குறிப்பை நீங்களே எழுதுங்க. காரணத்தையும் போடுங்க."
மூன்று தாளைக் கிழித்த பிறகு எழுதினேன்: 'வரைந்தவரின் சுயநலம்.'

ஜூன் 22
மாமனாரிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி, "வாக்கு குடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றாள். சரிதான்.

ஜூலை 14
மாமனார் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 30
விலக்கு போனதால், சான்று இல்லாத தந்தத்தை எங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கும் முதல் நாள். வரிசையில் மாமனார்! பிடியைக் கொடுத்துவிட்டு ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படி வந்ததும் நின்றார்.
"மொட்டைத் தடியை ஊன்ற முடியல. தோளைக் குடுங்க மாப்ளே."
மொத்தம் பதினாறு படி. நன்றாக நடக்கிற மனுஷர். வேண்டுமென்றே மெதுவாக இறங்கினார் என்றுதான் நினைக்கிறேன்.