வராத பார்வையாளர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கோரி

அனுப்புநர்:
மு. சோமசுந்தரம்,
தலைவர், வெள்ளிமலை ஹொக்கி இரசிகர் மன்றம்,
சோமசுந்தரம் ஹாட்வெயார், கடைவீதி,
நோர்வூட்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மலைநாடு – கரையோர மகளிர் ஹொக்கி லீக்,
கொழும்பு.

விடயம்: பார்வையாளர் வருவதில்லை என்ற காரணத்தால் வெள்ளிமலை மகளிர் ஹொக்கி அணியைக் கொழும்புக்கு மாற்ற இருப்பதை நிறுத்துதல், மற்றும் கடைசிப் போட்டியில் கதிரைகளைத் திருப்பிப் போட அனுமதி தருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் எங்கள் மன்றத்துக்கு அனுப்பிய கடிதம் கிடைத்தது. வெள்ளிமலை மைதானத்துக்கு வரும் கூட்டம் லீக்கிலேயே மிகக் குறைவு என்றும், ஊர் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்றும், கடைசிப் போட்டியன்று தலைகளை எண்ணும்போது பாதிக் கதிரையாவது நிரம்பாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து அணி கொழும்பில் விளையாடும் என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் குறைவு என்பதை ஏற்கிறேன். ஆர்வம் இல்லை என்பதை ஏற்கமாட்டேன். அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாகத்தான் இந்த மனு.

2. என்னைப் பற்றி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கடையில் ஆணி பொதிந்து கொடுக்க வாங்கும் பழைய பத்திரிகைகளை வாசித்து எழுதப் படித்தேன். ஹொக்கி விதிகளைச் சிங்களப் புத்தகம் ஒன்றில் எழுத்துக் கூட்டிக் கற்றேன். அணியின் கோல் காப்பாளர் ரூபிகா என் மகன் வழிப் பேத்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள். யார் போடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

3. இந்த அணியில் விளையாடும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள். விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று முதலில் சொன்னபோது அவர்களுடைய பெற்றோர் நம்பவில்லை. ஏதோ ஏஜென்சிக்காரன் ஏமாற்றுகிறான் என்று என்னிடம் விசாரிக்க வந்தார்கள். அதுவரை எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகையில் வருவதென்றால் மண் சரிய வேண்டும், அல்லது சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடக்க வேண்டும். இப்போது விளையாட்டுப் பக்கத்தில் வருகிறது. தோற்றது என்றுதான் வருகிறது. ஆனாலும் விளையாட்டுப் பக்கத்தில் வருகிறது, ஐயா. அந்தப் பக்கத்தில் நான் ஆணி பொதிவதில்லை.

4. பருவத்தின் முதல் போட்டிக்கு மைதானத்தில் இடமே இல்லை. கோயில் கதிரைகள், கல்யாண வீட்டுக் கதிரைகள், பள்ளிக்கூடத்து வாங்குகள் எல்லாம் கொண்டுவந்து போட்டோம். அன்று படுதோல்வி. ஆனால் ஆட்டோ ஓட்டும் அழகுமுத்து தேநீர் குடிக்க வெளியே போன சமயத்தில் எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். அவர் கோப்பையோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினார்கள். இதை முதலில் கவனித்தவன் நான். மன்றத் தலைவர் என்ற முறையில், அடுத்த போட்டி முழுவதும் தேநீர்க் கடைக்குப் பின்னால் நிற்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் மறுபேச்சில்லாமல் நின்றார். அணிக்காக அவர் செய்த அந்தத் தியாகம் தங்கள் கணக்கில் ‘ஒருவர் குறைவு’ என்று பதிந்திருக்கிறது.

5. அழகுமுத்து இல்லாமலும் தோற்றார்கள். ஆகவே ராசியில்லாதவர் இன்னும் யாரோ உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தது. அவித்த கடலை விற்கும் மீனம்மா தும்மிய கையோடு ஒரு கோல் விழுந்திருந்ததால் அவரும் நின்றுகொண்டார். அதன் பிறகு தனித்தனியாக ஆள் பார்த்தால் பருவம் முடிந்துவிடும் என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு முறை வகுத்தோம். ஒரு வாரம் மேல்பிரிவு லயங்கள் மட்டும் வருவது, மறுவாரம் கீழ்ப்பிரிவு மட்டும், அதற்கடுத்த வாரம் கடைவீதி மட்டும். மூன்று வாரமும் தோல்வி. யாரும் முறுமுறுக்கவில்லை. தங்களுடைய முறையில் தோற்றவர்கள் தாங்களாகவே வீட்டில் இருந்துகொண்டார்கள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நிமல் மாத்தயா பௌத்த பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூலைக் கோல் கம்பத்தில் கட்டினார். நாங்கள் அதற்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் கட்டினோம். நடுவர் இரண்டையும் அவிழ்க்கச் சொன்னார். இதில் ஆர்வமின்மை எங்கே இருக்கிறது என்று தாங்கள்தான் காட்ட வேண்டும்.

6. தங்கள் அலுவலகத்து உத்தியோகத்தர் ஜனார்த்தனன் அவர்கள் கூட்டத்தை எண்ண வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். அன்று உள்ளே இருந்தது நான், நிமல் மாத்தயா, கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த எதிரணியின் பஸ் சாரதி. மூன்று பேர் என்று எழுதினார். தூங்கியவரையும் சேர்த்தது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்திருக்க வேண்டும். மைதானத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள். “யாரும் திரும்பிப் பாத்துறாதீங்க, கோலு விழுந்துரும்” என்று கங்காணி சின்னத்தம்பி நிரை நிரையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர்கள் வண்டிகளை மறுபக்கம் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். போட்டியைப் போனில் நேரடியாகக் காட்டுவதைக்கூட ஒருவரும் திறக்கவில்லை. விசில் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டியைப் பார்க்காமல் இருந்தது.

7. திரும்பும் வழியில் உத்தியோகத்தர் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மீனம்மாவிடம், ஏன் போட்டி பார்க்க வரவில்லை என்று விசாரித்திருக்கிறார். “பாத்தா தோத்துருவாங்க தம்பி. பெத்த புள்ளைக மாதிரி நெனச்சுத்தான் பாக்காம இருக்கோம்” என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். இந்தப் பதில் அறிக்கையில் இல்லை. இருந்திருந்தால் தாங்கள் அப்படியொரு கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

8. அடுத்த போட்டி நடந்த நாளில் நான் கண்ணில் விழுந்த வெள்ளையை எடுப்பதற்காக நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தேன். நிமல் மாத்தயா எனக்குத் துணையாக வந்திருந்தார். மைதானத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. அன்று எங்கள் அணி, பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. இந்தப் பருவத்தில் முதல் வெற்றி. அதே போட்டியைத் தாங்கள் “லீக் வரலாற்றிலேயே மிக மோசமான வரவு” என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அன்று பட்டாசு வெடித்தார்கள். எனக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் அதையும் பார்க்கவில்லை.

9. வெற்றிக்குக் காரணம் நான் இல்லாததா, நிமல் மாத்தயா இல்லாததா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த போட்டிக்கு அவர் வீட்டில் இருந்தார். நான் போனேன். நான்கு கோல் வாங்கினார்கள். பரிசோதனை முடிந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. ஒரேயொரு பரிசோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று நான் சொல்கிறேன். அன்று மைதானம் ஈரமாகவும் இருந்தது.

10. மறுநாள் காலை வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஊரார் கடைக்கு வந்தார்கள். யாருக்காவது நிச்சயதார்த்தமா என்று கேட்டேன். அழகுமுத்துதான் பேச்சை ஆரம்பித்தார். “மொதலாளி, என்னைய மொத மேட்ச் முடிஞ்சதுமே வெளிய நிக்கச் சொன்னீங்க. நான் ஒரு வார்த்த பேசுனேனா? டீக்கடைக்குப் பின்னால மழையில நின்னேன்ல?” என்றார். இந்த வார்த்தையைச் சொல்லப் பருவம் முழுவதும் காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம். மீனம்மா, “வீட்டு வாசல்ல ஒக்காந்து புள்ளைகளுக்கு ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா. மைதானத்துப் பக்கம் மட்டும் தல வச்சுப் படுக்காதீங்க” என்றார். நான் வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

11. என் பேத்தி இந்த ராசிக் கதையை நம்புவதில்லை. அவளுடைய குற்றச்சாட்டு வேறு. “பந்து வர்றப்ப ‘எடது பக்கம், எடது பக்கம்’னு கத்துறீங்க தாத்தா. ஒங்க எடதா, என் எடதான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள கோலு விழுந்துருது” என்கிறாள். நான் கத்துவதில்லை, ஆலோசனை கூறுகிறேன். அது குடும்ப விடயம். லீக் தலையிட வேண்டியதில்லை.

12. இப்போது எங்கள் நிலைமையைக் கவனியுங்கள். கடைசிப் போட்டியில் தோற்றால் அணி இரண்டாம் தரத்துக்கு இறங்கும், அனுசரணை வழங்கும் பிஸ்கட் கம்பனி விலகிவிடும், பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. கூட்டம் வராவிட்டால் அணி கொழும்புக்குப் போகும். வந்தால் தோற்போம். வராவிட்டால் அணியே இல்லை. ரூபிகாவைப் போல ஒன்றிரண்டு பேர் கொழும்புக்குப் போய்த் தங்கி விளையாடலாம். அணித்தலைவி வினோதாவால் முடியாது. அவளுடைய தாய் கட்டிலோடு கிடக்கிறார், காலையில் எழுப்பி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை. அணி போனால் மறுநாள் அந்தப் பிள்ளை கொழுந்து எடுக்க ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத்தான் போய் நிற்க வேண்டும். தொழிலில் குறை சொல்லவில்லை, ஐயா. அவள் தாயும் பாட்டியும் செய்த தொழில்தான். ஆனால் பெனால்டி கோர்னரில் அவள் அடிக்கும் அடியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்தக் கையில் கொழுந்துக்கூடையைப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை.

13. எல்லோரும் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டு வீட்டில் இருக்கிறோம் என்று தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். சீட்டைக் கணக்கெடுக்க முடியாது, தலைதான் வேண்டும், இடைவேளையில் பிஸ்கட் சாப்பிட வாய் வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். நியாயம்தான். ஆகவே கோயில் மண்டபத்தில் மறுபடியும் கூடி, பின்வரும் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம். எதிர்த்தவன் நான் ஒருவன். தலைவர் வாக்களிப்பதில்லை என்பதால் ஏகமனது.

அ. கடைசிப் போட்டிக்கு ஊர் முழுவதும் வரும். ஆனால் எல்லாக் கதிரைகளும் மைதானத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடப்படும். தங்கள் உத்தியோகத்தர் பின்னாலிருந்து எண்ணினாலும் தலை தலைதான்.

ஆ. இது மறியல் அல்ல. பிரதம விருந்தினருக்குச் செய்யும் அவமரியாதையும் அல்ல. தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து சரியான பக்கம் திரும்பி நிற்போம். அது முடிந்ததும் மறுபடி திரும்பிவிடுவோம். விருந்தினருக்கு இதை முன்கூட்டியே விளக்கி வைக்கவும்.

இ. ஆட்டத்தின் நிலவரம் எங்களுக்குத் தெரிய வேண்டும். எதிரணியின் பஸ் சாரதி பார்ப்பதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தோஷம் இல்லை என்று முடிவாகியிருக்கிறது. எங்களுக்குக் கோல் என்றால் ஒரு முறையும், அவர்களுக்கு என்றால் இரண்டு முறையும் ஹோர்ன் அடிக்க அவருக்கு அனுமதி தரவும். அவரை விழித்திருக்கச் செய்வது லீக்கின் பொறுப்பு.

ஈ. சிறுவர்கள் திரும்பிப் பார்க்காமல் கங்காணி சின்னத்தம்பி கவனித்துக்கொள்வார். பிஸ்கட்டை எங்கள் முகம் இருக்கும் பக்கமாகக் கொண்டுவந்து பரிமாறவும்.

உ. அறிக்கையிலிருந்து ‘ஆர்வம் இல்லை’ என்ற சொற்களை நீக்கி, நீக்கியதற்கு அத்தாட்சியாக எனக்கு ஒரு கடிதம் அனுப்பவும்.

14. நான் முதுகு காட்டி உட்கார்ந்தாலும் ஆபத்து என்று ஊரார் கருதுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆயினும் வினோதாவின் தாயார் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டதால், அன்று ஒரு நாள் மட்டும் கடைக்கதவைச் சாத்தி உள்ளே இருக்கச் சம்மதித்திருக்கிறேன். என் தலை எண்ணிக்கையில் வராது. அதற்குப் பதிலாக எதிரணிச் சாரதியை எண்ணிக்கொள்ளலாம்.

15. இவ்வளவுக்குப் பிறகும் அணியை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பீர்களானால், என்னால் தடுக்க முடியாது. ஆனால் ஒன்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் தங்கை மகன் பிரதீபன் வீடு இருக்கிறது. மேல்மாடியில் எனக்கென்று அறையே தருவதாகச் சொல்லியிருக்கிறான். கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறது. கொழும்பு மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு போட்டிக்கும், முதல் வரிசையில், கோல் கம்பத்துக்கு நேராக, மைதானத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு போட்டியும் தவறவிடமாட்டேன். ஆலோசனையும் கூறுவேன். ராசி, தோஷம் எதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. தாங்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது.

தக்க முடிவைத் தாமதமின்றி எடுப்பீர்கள் என்று எதிர்பார்த்து,

நோர்வூட்,
17.03.2025

பதில் வரும்வரை கொழும்புக்கு இரயில் சீட்டுப் பதியாமல் பொறுத்திருக்கும்,
மு. சோமசுந்தரம்
தலைவர், வெள்ளிமலை ஹொக்கி இரசிகர் மன்றம்