யார் வீட்டுக் கிருமி

மார்ச் 3, செவ்வாய்
மகனுக்குத் தொடையில் மறுபடியும் கட்டி. வழக்கமான மாத்திரை எதற்கும் மசியாத கிருமி. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத பிள்ளைக்கு இது எப்படி வந்தது? அண்ணனுக்கும் முதுகில் கட்டி வந்ததிலிருந்து அண்ணி எங்களைச் சேர்ப்பதில்லை. "உன் பையன்தான் ஜிம்லேர்ந்து கொண்டுவந்து எங்க வீட்டுல ஒட்டவெச்சுட்டான்" என்கிறார்.

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து வந்து இரண்டு வீட்டிலும் எல்லார் மூக்கிலும், ஜிம்மிலும் மாதிரி எடுத்தார்கள். அண்ணி மூக்கை நீட்டிவிட்டார்! "எடுங்க. எங்க வீட்டு சுத்தம் ஊருக்கே தெரியட்டும்."

மார்ச் 16, திங்கள்
மரபணு வரிசை வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் ஒரே கிருமி. ஜிம்மில் இருப்பது வேறு வகை. கிருமி பெருகப் பெருக மரபணுவில் எழுத்துப் பிழைகள் சேரும். பிழைகள் எங்கே விதவிதமாக இருக்கின்றனவோ, அங்கேதான் அது நெடுநாள் குடியிருந்திருக்க வேண்டும். அது அண்ணியின் மூக்கு. ஒரு கொப்புளம்கூட வராத அண்ணி! மகனிடம் இருப்பது அதில் பிரிந்த சின்னக் கிளை.
எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன். சொல்லணும். மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.

மார்ச் 17
அடுத்த வாரம் அண்ணிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மூக்கில் இருப்பது காயத்தில் இறங்கினால், வைத்த செயற்கை மூட்டையே கழற்ற வேண்டிவரலாம். அதற்குள் மூக்குக்குக் களிம்பு போட்டாக வேண்டும். நான் நியாயம் பேசப் போனால் வீம்புக்கென்றே போடமாட்டார். எனக்கு என்னதான் வேணும் — நான் ஜெயிக்கணுமா, அவங்க நடக்கணுமா?

மார்ச் 18
போனேன். வாசலிலேயே சொன்னேன். "உங்க மூக்குலயும் இருக்கு அண்ணி."
முகம் சுண்டிவிட்டது. "உன் பையன்கிட்டேர்ந்துதானே?"
உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "இருக்கலாம் அண்ணி. டாக்டர் களிம்பு எழுதியிருக்கார். ரெண்டு வீட்டுலயும் எல்லாரும் சேர்ந்தே போடணுமாம்."
வாங்கிக்கொண்டார். பொய் சொன்னது நான், பழி சுமப்பது என் பிள்ளை.

மார்ச் 27
அறுவை முடிந்தது. காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு
அண்ணியின் காயம் நன்றாக ஆறிவிட்டதாம். மனசு கேட்கவில்லை, மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"அத்தைக்குத் தெரியுமா?"
"இன்னும் சொல்லலை."
"சொல்லாதேம்மா. அப்புறம் மாமா முதுகைப் பாக்குறப்பல்லாம் அழுவாங்க."
மாலையில் இருவரும் போனோம். வாக்கரைப் பிடித்தபடி அண்ணியே வந்து கதவைத் திறந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.
"கையைக் கழுவினியாடா?"
வீட்டிலேயே கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான்.
"இதோ அத்தை" என்று உள்ளே போய் மறுபடியும் கழுவினான்.