கூப்பிடாமல் நுழையாத வீரன்

லிங்கி,
4.5.2025

அன்பு மகள் மாதவிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விட்டுத்தள்ளு.

நீ அனுப்பிய கேம் பெட்டி வந்து சேர்ந்தது. உன் கம்பெனி செய்த கேமை விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருந்தாய். போனில் வேண்டாம், கடிதமாக எழுதுங்கள் என்றாய். நியாயம்தான். போன் என்றால் மூன்றாவது நிமிஷம் எனக்குச் சத்தம் ஏறிவிடும். நீ சிரம்பானில் பேங்க் வேலையை விட்டுவிட்டு இந்த கேம் கம்பெனிக்காகக் கோலாலம்பூர் போன அன்று ஏறிய சத்தம், மூன்று வருஷமாக உன்னை வீட்டுப் பக்கமே வரவிடாமல் வைத்திருக்கிறது. நீ புனிதா சின்னம்மா வீட்டுக்கு வரும்போது உன்னைப் பார்க்க அம்மா சிரம்பானுக்கு பஸ் ஏறுகிறாள். சரி, கேமுக்கு வருகிறேன்.

நல்லது: மலை, காடு எல்லாம் அழகு. ஆற்றுத் தண்ணீர் நம் லிங்கி ஆற்றைவிடச் சுத்தம். பாட்டும் நன்று, அம்மா அடுப்படியில் முணுமுணுக்கிறாள்.

கெட்டது: வானத்தில் இரண்டு நிலா வைத்திருக்கிறீர்கள். அமாவாசையை எதை வைத்துப் பார்ப்பது? ஊர்க்காரர்கள் எத்தனை முறை போனாலும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள், நம் கோயில் தலைவர் மாதிரி. வீரனுக்கு என் பெயரையே வைத்தேன். செம்பனைத் தோட்டத்தில் இருபத்தேழு வருஷம் மண்டோராக ஆள் மேய்த்தவன் நான். இவனைப் போல் சொல்பேச்சுக் கேட்காதவனைப் பார்த்ததில்லை. குதி என்றால் குனிகிறான். இதுவரை ஓநாய் கடித்து நாற்பத்தொரு முறை செத்திருக்கிறான்.

அம்மா கேட்கிறாள்: “இத்தன தடவ செத்தவனுக்கு யாருங்க கருமாதி செய்யிறது?”

அன்புள்ள அப்பா,
சன்னாசி

*

கோலாலம்பூர்,
11.5.2025

என் அப்பாவுக்கு,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்துவிட்டேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை ரதி பயந்துபோனாள்.

அம்மா போனில் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். இருபது மணி நேரம் விளையாடியும் உங்கள் வீரன் பனியனோடு நிற்கிறான். கவசம் இல்லை, கையில் ஒரு விறகுக்கட்டை. ஓநாய் கடிக்காமல் என்னப்பா செய்யும்? ஊரில் உள்ள வீடுகளுக்குள் போங்கள். பெட்டியைத் திறந்தால் வாள், மருந்து எல்லாம் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் விளையாடுகிறார்கள்.

முழங்காலுக்குத் தைலம் போடுங்கள். விட்டுத்தள்ள முடியாது.

உங்கள்
மாதவி

*

லிங்கி,
18.5.2025

அன்பு மகளுக்கு,

தைலம் போட்டேன். வீடுகளுக்குள் மட்டும் போகவில்லை.

எப்படியம்மா போவது? கதவு திறந்திருக்கிறது, வாஸ்தவம். வா என்று ஒருவர் சொல்ல வேண்டாமா? தோட்டத்தில் வேலைக்கு வராதவனைத் தேடி தொழிலாளர் லயன் வீட்டுக்குப் போனால்கூட வெளியே நின்று செருமுவேன். கூப்பிட்டால்தான் உள்ளே கால் வைப்பேன். மண்டோர் என்றாலும் அதுதான் முறை. உங்கள் கேமில் குத்த ஒரு பொத்தான், வெட்ட ஒரு பொத்தான், உருள ஒரு பொத்தான் இருக்கிறது. செரும ஒரு பொத்தான் இல்லை. இதைப் பெரிய குறையாக எழுதிக்கொள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன், வாசலில் நிற்கிறேன், யாரும் கூப்பிடவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போகிறேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, “வீரன் மாதிரியா இருக்கு? தேர்தலுக்கு ஓட்டுக் கேக்க வந்தவன் மாதிரில்ல நிக்கிறான்” என்றாள்.

அதோடு விட்டாளா? “ஊரான் வாசலுக்கு இம்புட்டு மரியாதை. சொந்த வாசல்லேருந்து பெத்த பொண்ண வெரட்டுனப்ப இது எங்க போச்சு?” என்றும் கேட்டாள்.

மழை பிடிக்கிறது. கொடியில் துணி கிடக்கிறது. நிறுத்துகிறேன்.

அப்பா

*

லிங்கி,
25.5.2025

மாதவிக்கு,

இன்று ஒன்று நடந்தது. உடனே எழுதுகிறேன்.

சாயங்காலம் விளையாடும்போது ஆற்றோரமாக ஒரு தனி வீடு வந்தது. கதவு சாத்தியிருந்தது. வழக்கம்போல் வீரனை வாசலில் நிறுத்திவிட்டு, எழுந்துபோய் கோப்பி கலக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது. ஒரு கிழவன் வெளியே வந்து நிற்கிறான். கேமை நான் மலாய் மொழியில் வைத்திருக்கிறேன் அல்லவா, எழுத்து வந்தது: ‘மாசுக்லா, நாக்.’ உள்ளே வா, பிள்ளை என்று.

அவ்வளவுதான். வாளும் கொடுக்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் கோப்பியைக் குடிக்கவில்லை. அம்மாவும் வந்து பார்த்தாள்.

இது விளையாடுகிற எல்லோருக்கும் வருமா? யார் எழுதியது?

அப்பா

*

கோலாலம்பூர்,
31.5.2025

அப்பா,

நான்தான் எழுதினேன்.

கதவைத் திறக்காமல் நாலு நிமிஷம் வெளியே நின்றால்தான் அந்தக் கிழவர் வருவார். ஆபீஸில் சோதித்துப் பார்த்த ஒருவர் கண்ணிலும் அவர் படவில்லை. எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். “யாரு நாலு நிமிஷம் சும்மா நிப்பா?” என்று மேலாளர் கேட்டார். ஒருவர் நிற்பார் என்றேன். அதற்காகத்தான் உங்களுக்குப் பெட்டியை அனுப்பினேன்.

“போனா போனதுதான், இந்த வாசல மிதிக்காத” என்று அன்று சொன்னீர்கள். சிரம்பானுக்கு வரும்போதெல்லாம் வாடகைக் கார் பிடித்து நம் தோட்டத்து முச்சந்தி வரை வந்திருக்கிறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் வீட்டில் விளக்கு எரிவது தெரியும். கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். நானும் உங்கள் மகள்தானே அப்பா. கூப்பிடாமல் எப்படி வருவது?

மாதவி

*

லிங்கி,
8.6.2025

என் தங்கத்துக்கு,

கேமைப் பற்றிய கடைசிக் குறையை எழுதுகிறேன். உன் மேலாளரிடமும் காட்டு. அந்தக் கிழவனை எழுதியது சரியில்லை. வாசலில் ஆள் நிற்பது தெரிந்தும் நாலு நிமிஷம் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். மூன்று வருஷம் உட்காரவில்லை, அந்த மட்டுக்கும் என்னைவிட நல்லவன்.

அன்று நான் கத்தியது உன் வேலைக்காக இல்லை. மகள் பேங்கில் இருக்கிறாள் என்று கோயில், கோப்பிக் கடை, ஒரு இடம் விடாமல் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் என் கவலை. உன் முகத்தை நினைக்கவில்லை. தப்பு என்னுடையது. இந்த ஒரு வரியை எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வா என்று தபாலில் எழுதினால் நீ வந்துவிடுவாய், தெரியும். ஆனால் விரட்டியவன் நாற்காலியில் இருக்க, விரட்டப்பட்டவள் நடந்து வருவது முறையில்லை. வரும் சனிக்கிழமை காலை சிரம்பானில் ரயில் ஏறுகிறேன். உன் வீட்டு விலாசம் சின்னம்மாவிடம் வாங்கிவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன், “நீங்கதான வெரட்டுனீங்க, நீங்களே போயி கூட்டிட்டு வாங்க” என்கிறாள்.

பதினோரு மணிக்கு உன் வாசலில் இருப்பேன். வந்ததும் செருமுவேன். பிறகு நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நிற்பேன்.

ஒன்று மட்டும். அம்மா நெத்திலிச் சம்பல் கட்டிக் கொடுக்கிறாள். இந்த வெயிலுக்கு அது சாயங்காலம் வரை தாங்காது. யோசித்துக்கொள்.

உன் அப்பா