எல்லாரும் ஆகட்டும் என்ற கூட்டம்

இன்று காலை, புது மெஷினை ஓட்டிப் பார்க்கும் டிரையல் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சூடான ரப்பர் வாடை அடித்தது. மூடி விளிம்பில் வைக்கும் புது கேஸ்கெட் முதன்முதலாக வெந்நீரைக் காணும்போது வருமே, மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு மதியம் வரை போகாதே, அதேதான். என் கண் தன்னால் கதவோரம் போயிற்று. நீங்கள் அங்கேதான் நிற்பீர்கள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் எரிச்சல் மூட்டுகிற அந்தக் கவலை முகத்தோடு. இப்போது அங்கே ஒரு காலி டிரம்மை வைத்திருக்கிறார்கள். நேற்று கருமத்தம்பட்டி மில்லில் ஒரு பேச்சுக் கேட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் ஒரே வயதுக்காரர்கள். ஒரே மேசையில் இத்தனை வருஷம் டப்பா திறந்து சாப்பிட்டும் கடைசி வரை ஒருவரையொருவர் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டோம். சரவணம்பட்டிக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் நம் கம்பெனியில், நூலுக்குச் சாயம் ஏற்றும் பாத்திரத்தை வரைவது என் வேலை. அது எப்போது சூடாக வேண்டும், எப்போது மூடி திறக்கலாம் என்று அதற்குச் சொல்லி வைப்பது உங்கள் வேலை. ஆள் உயர குக்கர் என்று நீங்கள் அதைச் சொல்வீர்கள். குக்கர் மூடியை ஆவி அடங்குமுன் திறந்தால் என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் தெரியும். இதில் திறந்தால் திறந்தவர் இருக்க மாட்டார்.

நம்மையெல்லாம் பீளமேட்டில் ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் கூட்டிப் போய், ஒவ்வொருவரும் எப்படிச் சிந்திப்பவர் என்று வகைபிரித்த நாள் நினைவிருக்கிறதா? வேகமாக முடிவெடுப்பவருக்குச் சிவப்பு அட்டை, விவரம் பார்ப்பவருக்கு நீலம், மனிதரைப் பார்ப்பவருக்குப் பச்சை, புதிதாக யோசிப்பவருக்கு மஞ்சள். முதலாளி சிவப்பு அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு நாள் முழுக்கப் புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தார். எனக்கு மஞ்சள். உங்கள் தாளை மட்டும் பயிற்சியாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்த நிறத்திலும் நீங்கள் அடங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: “கலரெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. ஆனா நம்மூரு ஆளுக எந்தக் கலரா இருந்தாலும் முதலாளி முன்னாடி ஒரே கலருதானுங்க.”

அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நம் ஊரில் நாலு பேர் முன்னால் பெரியவர் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆகட்டுங்க’ என்பார்கள். அது மரியாதை. அந்த மரியாதையை நம்பி மூடி திறக்கக்கூடாது என்பது உங்கள் கட்சி. அதனால் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் உங்கள் கூட்டம் தொடங்கும். புரோகிராம் எழுதும் கோகுலிடம் வாயால் கேட்டால் தலையாட்டுவான், திரையில் ஒரு வரியைக் காட்டிக் கேட்டால்தான் அவன் மூளை ஓடும். ஃபிட்டர் ஃபோர்மேன் ஆறுமுகண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு யோசனையும் வராது, மெஷினில் கை வைத்து நின்றால் தானாகப் பேசுவார். எனக்கோ பேசினால்தான் சிந்தனையே பிறக்கும். பாதி உளறலைப் பொறுத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருப்பீர்கள். இப்படி ஆளாளுக்கு ஒரு துண்டு வாங்கி, ராத்திரி வீட்டில் வைத்து ஒட்டிப் பார்த்து, மறுநாள் வந்து நின்று “இது சரியா வராதுங்க” என்பீர்கள்.

“அத மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று முதலாளி பல்லைக் கடிப்பார்.

“மீட்டிங்ல எனக்கே தெரியாதுங்க. அப்புறம் ஒவ்வொருத்தருகிட்டயும் போயிக் கேட்டப்பத்தானுங்க தெரிஞ்சுது.”

உங்களால் எல்லா வேலையும் தள்ளிப்போகும். உங்கள் தலை தெரிந்தால் கோகுல் டீக் கடைக்கு நழுவுவான். நானும் சில நாள் நழுவியிருக்கிறேன். பிறகு ஒரு காலையில் நெஞ்சு கரிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் சொல்லும் ‘ஒண்ணுமில்லீங்க’வை ஒருநாளும் நம்பாத நீங்கள், அதையே சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்னும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான்.

நீங்கள் போன பிறகு கூட்டங்கள் சீக்கிரம் முடியத் தொடங்கின. முதலாளிக்கு மகிழ்ச்சி. “இப்பத்தானுங்க டீமு ஒத்துமையா இருக்குது” என்றார். உண்மையிலேயே அறையில் சண்டையில்லை, முணுமுணுப்பில்லை. டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவோம். அந்த அமைதி எனக்கு வரவரப் பிடிக்காமல் போயிற்று. ஏனென்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

போன மாதம் கருமத்தம்பட்டி மில்காரர் வந்தார். சாயம் முடிந்த பிறகும் மூடி திறக்க வெகு நேரம் பிடிக்கிறது, குறைத்துக் கொடுங்கள் என்றார். பிரஷர் ஜீரோ ஆக வேண்டும், அதோடு சூடும் இறங்க வேண்டும், இரண்டும் ஆனால்தான் மூடியின் பூட்டு விடும் என்று நீங்கள் எழுதி வைத்தது. ஜீரோ ஆகிவிட்டால் சூட்டுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கோகுல் கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. முதலாளி மேசையைச் சுற்றிப் பார்த்தார். “ஆகட்டுங்க” என்றான் கோகுல். “ஆகட்டுங்க” என்றார் ஆறுமுகண்ணன். நானும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் டப்பாவைத் திறந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பேரும் ஒரே மூச்சில் சரி என்றோமே, அது எப்படி? டப்பாவை மூடிவிட்டு கோகுலிடம் போனேன். திரையில் அந்த வரியைக் காட்டி, “இந்த ஜீரோ எங்கிருந்து வருது தம்பி?” என்றேன். அவன் விரல் படத்தின் மேல் ஊர்ந்து, பாத்திரத்திலிருந்து பிரஷர் காட்டும் கேஜுக்குப் போகும் ஒரு மெல்லிய குழாயில் நின்றது. “இதுலிருந்துதானுங்க மேடம்.” அங்கிருந்து ஷெட்டுக்கு ஓடினேன். ஆறுமுகண்ணன் ஒரு மெஷினில் சாய்ந்து நின்றிருந்தார். குழாயைக் காட்டினேன்.

“அதுங்களா? நூல் பஞ்சு போயி அடைச்சுக்குமுங்க. சர்வீசுக்குப் போறப்பல்லாம் கம்பி உட்டுக் குத்தி எடுப்போம்.”

“அடைச்சா கேஜ் என்னங்கண்ணா காட்டும்?”

அவர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். “உள்ள பிரஷர் இருந்தாலும் ஜீரோதானுங்க காட்டும்.” அப்புறம் மெதுவாக, “நேரத்தத்தான் கொறைக்கறாங்க, சூட்டையும் பாத்துட்டுத்தான் பூட்டு உடும்னு நெனச்சனுங்க” என்றார். கோகுலுக்குக் குழாய் அடைக்கும் என்று தெரியாது. அவருக்குச் சூட்டு நிபந்தனை அடியோடு போய்விட்டது என்று தெரியாது. இரண்டையும் கேட்டிருக்க வேண்டிய நீங்கள் இல்லை.

“புரோகிராம எப்ப மாத்துவ?” என்று கோகுலுக்குப் போன் போட்டேன். “காலைலயே அனுப்பிட்டேனுங்க மேடம். மில்லுல ஓடிட்டிருக்குது.”

மில் ஆபரேட்டர் சின்னச்சாமியண்ணன் எண்ணைத் தேடி அழைத்தேன். நல்ல மனிதர், சத்தமாகக்கூடப் பேச மாட்டார். அழைப்பு வெகுநேரம் போயிற்று. எடுத்தார்.

“அண்ணா, மூடி தெறந்தாச்சுங்களா?”

“இல்லீங்க அம்மணி. இப்பத்தான் ஜீரோ வந்துச்சு. தெறக்கப் போறேன்.”

“தெறக்காதீங்க. எதையும் தொடாதீங்க.”

“ஆகட்டுங்க.”

கூட்டத்தில் நாங்கள் மூவரும் சொன்ன அதே சொல். போனை வைக்காமல் நீங்கள் கேட்பதுபோல இன்னொன்று கேட்டேன். “இப்ப எங்கண்ணா நிக்கிறீங்க?”

கொஞ்சம் தாமதித்துச் சொன்னார். “தள்ளித்தானுங்க நிக்கிறேன்.”

எனக்கு உயிர் வந்தது. ஷெட்டை விட்டு வெளியே போங்கள், நாங்கள் வருகிறோம் என்றேன். நாங்கள் மூவரும் காரில் போய்ச் சேர்ந்தோம். ஆறுமுகண்ணன் எட்ட நின்று கைவால்வை ஒரு நூல் அளவு திருகினார். ஆவி சீறிக்கொண்டு வந்து கூரைத் தகரத்தில் மோதியது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கேஜ் ஜீரோவிலேயே நின்றது. எல்லாம் ஆறிய பிறகு குழாயைக் கழற்றினார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு நீலச் சாயம் குடித்த பஞ்சு.

பழைய புரோகிராமே திரும்ப வந்தது. எனக்கு எப்படித் தோன்றியது என்று கோகுல் கேட்டான். பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை என்றேன். இப்போது என் தலை தெரிந்தால் அவன் டீக் கடைக்கு நழுவுகிறான். முதலாளி பல்லைக் கடிக்கிறார். போன வாரம் இன்னொரு மில்காரர் வந்து, மூடி சீக்கிரம் திறக்க வேறு வழி உண்டா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பேசுவோம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

நேற்று கருமத்தம்பட்டிக்குப் போனபோது சின்னச்சாமியண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, ஒரு சின்ன விஷயம் சொல்வதுபோலச் சொன்னார்:

“அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் தள்ளியெல்லாம் நிக்கலீங்க அம்மணி. மூடிக் கைப்பிடியப் புடிச்சுட்டுத்தானுங்க பேசினேன். பாதி திருகியாச்சு. நீங்க ஏற்கெனவே பதறிட்டிருந்தீங்க, இன்னும் எதுக்குப் பதற வெக்கோணும்னு அப்படிச் சொல்லிப்போட்டேன்.”

டீயைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது கேள்வி வரை கேட்டுவிட்டேன் என்று இத்தனை நாள் உங்களிடம் மனதுக்குள் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பதற வைக்கக்கூடாது என்ற பிரியத்திலேயே அவர் செத்துப்போயிருப்பார்.

நீங்கள் கதவோரம் ஏன் அந்த முகத்தோடு நின்றீர்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த முகம் எனக்கு வந்துவிட்டது. யார் எனக்குச் சரி என்று சொன்னாலும், சிரித்த முகத்தோடு சொன்னாலும், அவர் கை எதன்மேல் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.