முளைமாவு இரண்டு மடங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? மலையில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதா? நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

உங்கள் பீர் பக்குவத்தை மாற்றிவிட்டேன், திட்டினாலும் சரி. இங்கே ரஸ்டன்பர்க்கில் என்னிடம் குடிக்க வரும் சுரங்கத்து ஆட்கள் நம் சோள பீரைக் குடித்துவிட்டு, "லினேயோ அக்கா, பச்சப்புள்ளைக்குக் காய்ச்சின கஞ்சியா இது?" என்று கேலி செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியைப் போல சர்க்கரையைக் கொட்டிப் போதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதே தண்ணீருக்கு முளைமாவை இரண்டு மடங்காக்கி, கூடுதலாக ஒரு நாள் புளிக்க விட்டேன்.

நம் வழக்கப்படி காய்ச்சியவள்தானே முதல் குவளையைக் குடிக்க வேண்டும்? எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். அதிகம் கேலி செய்த நம் ஊர்க்காரன் மொலெஃபி, மூன்றாவது குவளையில் "அக்கா, என் காலு எங்க போச்சு?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் உங்களைக் கூப்பிட்டு அழுததாக அவன் ஊருக்கு வந்து சொன்னால் நம்பாதீர்கள். அது பீர் செய்த வேலை.

மாவு கூடியதால் வடிகட்டுவது சிரமமாக இருக்கிறது. நீங்கள் பின்னிய புல் வடிகட்டி ஒன்றும், நம் நிலத்துச் சோளம் ஒரு பையும் அனுப்புங்கள். கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லாதீர்கள்.

பழைய அளவுக்குத் திரும்ப மாட்டேன். சந்தேகமிருந்தால் நேரில் வந்து குடித்துப் பாருங்கள். முதல் குவளையை நானே குடிக்கிறேன்.

உங்கள் மகள்,
லினேயோ