முப்பத்திரண்டு பேரும் என் வின்ச்சும்

யேசு மரி சூசை

மணற்காடு

1983 மார்ச் 21, திங்கட்கிழமை, காலை ஆறேகால் மணி. கரைவலைக் கயிற்றில் நின்றவர்கள் ஒன்பது பேர். சென்ற ஆண்டு இதே வலைக்கு முப்பத்திரண்டு பேர் நின்றார்கள். கணக்கை முதலில் எழுதிவிட்டேன், இனி வழமையானது.

அன்பு மகள் பெர்னடெட், அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் பேராதனைக் குளிரில் இருமாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் கையில் முதல் சேர்ந்தால் தொழில் பெருகும், வேலை தானாகக் கீழே இறங்கி வரும் என்று உன் விரிவுரையாளர் சொன்னதை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தாய். கையெழுத்து நல்லது. ஆனால் அந்த மனிதர் கரைவலை இழுத்திருக்க மாட்டார்.

எங்கள் கரையின் பெரிய வலைக்காரர் சந்தியோகுச் சம்மாட்டியும் என்னிடம் இதையேதான் சொன்னார். வின்சன்ற், வலை இழுக்க ஒரு வின்ச் பூட்டித் தாடாப்பா, மிஞ்சிற பங்கிலை இன்னொரு வலை எடுப்பன், ஒருத்தரும் சும்மா இருக்க மாட்டினம் என்றார். நம்பினேன் என்பதைவிட எனக்கு வின்ச் செய்ய ஆசை. தண்ணீர்ப் பம்ப் இயந்திரமும் பழைய லொறிக் கியர்ப்பெட்டியும் போதும், ஒரு கிழமையில் முடித்தேன். முதல் நாள் வலை ஏறியபோது கரை முழுக்கக் கைதட்டியது. தட்டியவர்களில் இருபத்து மூன்று பேருக்கு மறுநாள் வேலை இல்லை. சம்மாட்டி பொய்காரர் அல்ல, இரண்டாவது வலை வந்தது, ஆறு பேரை எடுத்தார். மிச்சப் பங்கு நெல்லியடியில் மாடி வீடாக எழும்புகிறது. மேசன்மாருக்கு வேலை கிடைத்தது உண்மை, ஆனால் கயிற்றில் நின்ற எங்கள் லூர்த்தம்மாவுக்கு மேசன் வேலை தெரியாது.

கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் பங்கு பிரிக்குமுன் அன்றைய கறிக்கென்று ஒரு கை மீன், கறிமீன், கொடுப்பது இங்கே வழக்கம், உனக்குத் தெரியும். புருசனில்லாத லூர்த்தம்மாவின் மூன்று பிள்ளைகளும் அந்த மீனில்தான் சாப்பிட்டார்கள். போன வியாழன் அவள் வந்து, வின்ச் இழுக்கிற கயிற்றில் கை வைத்து, அதோடு நாற்பது அடி நடந்து, பனையோலைக் கடகத்தை நீட்டி, சம்மாட்டியார், கயித்திலை கை வைச்சனான், கறிமீனைத் தாங்கோ என்றாள். கரையே சிரித்தது. மறுநாள் பதினொரு பேர் அப்படி நடந்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, ஓடும் கயிறு விரலை உருளைக்குள் கொண்டுபோய்விடும். இயந்திரத்தை நிறுத்தி, அது இல்லாமல் இயந்திரம் கிளம்பாத பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். இயந்திரத்துக்கு எண்டு பங்கு எடுக்கிறியள்தானே, அதிலை இருந்து கறிமீன் குடுங்கோ, அதுவரைக்கும் பிளக் வராது என்றேன். உன்ரை வின்ச்சை நீயே சாகடிக்கிறாய், விசரா என்றார் சம்மாட்டி.

இன்று காலை ஒன்பது பேரும் கையால் இழுத்தார்கள், வலை நிறைய மீன், அசையவில்லை. மற்றவர்கள் கடகங்களோடு மணலில் குந்தியிருந்து பார்த்தார்கள். சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டித் தானும் பிடித்தார், அப்போதும் அசையவில்லை. கடைசியில், கறிமீன் எல்லாருக்கும் எண்டைக்கும் உண்டு, வாங்கோவனடா என்றார். லூர்த்தம்மாதான் முதலில் எழும்பினாள். ஏழரை மணிக்கு வலை ஏறியபோது எண்ணினேன், இரண்டாவது வலையின் ஆறு பேரும் சேர்ந்து, சம்மாட்டியோடு முப்பத்து மூன்று.

ஆனால் கறிமீன் வேலை ஆகாது. பதினேழு பேர் இன்னும் சும்மா நிற்கிறார்கள், அதற்கு நானும் காரணம். உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பச் சொல்கிறாள் அம்மா, இந்தத் தாளில் போட்டிருக்கிறேன். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் போடு. நான் செய்யப்போவது:

1. நாளையும் லூர்த்தம்மாவின் கடகத்தில் மீன் விழுந்த பிறகுதான் பிளக்கைப் பூட்டுவேன்.
2. உருளைக்குத் தகர மூடி அடிப்பேன்.
3. சம்மாட்டி கேட்கும் இரண்டாவது வின்ச்சை, அந்தப் பதினேழு பேருக்கும் என்ன வேலை என்று பெயர் பெயராகச் சொல்லும்வரை செய்ய மாட்டேன்.
4. உன் விரிவுரையாளரைப் பெரிய விடுமுறைக்கு இங்கே கூப்பிட்டுக் கடிதம் போடுவேன், விலாசம் அனுப்பு. கயிற்றில் கை வைத்தால் அவருக்கும் கறிமீன் உண்டு.

அன்பு அப்பா
வின்சன்ற்