கரி படாத விரிப்பு

அன்புள்ள உங்களுக்கு,

ரயிலுக்கு டீசல் எஞ்சின் வந்ததிலிருந்து கொடியில் காயும் விரிப்பில் ஒரு பொட்டுக் கரி விழுவதில்லை. "காலமெல்லாம் புகையத் திட்டிக்கிட்டே துவைச்ச. இப்ப வெள்ளை வெளேர்னு காயுது, அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியேடி!" என்று பக்கத்து வீட்டு ஆக்னஸ் கேலி செய்கிறாள்.

டீசல் வந்ததும் உங்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு மூடிய நீராவி எஞ்சின் பட்டறையை மறுபடி திறப்பார்கள் என்று மேயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் போயிருக்கும் டெட்ராய்ட் நகரத்தில் வேலை கிடைத்ததா என்று நான் கேட்கமாட்டேன்.

இன்று காலை விரிப்பெல்லாம் கரி. "நீராவி எஞ்சின் வந்துடுச்சுடி!" என்று ஆக்னஸையும் இழுத்துக்கொண்டு தண்டவாளம்வரை ஓடினேன்.

பட்டறையை இடித்து, அதன் கதவுகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள்.

விரிப்பை நான் மறுபடி துவைக்கவில்லை, அப்படியே மடித்துப் பயணப் பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கே கொடி கட்ட இடம் இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி